லீவர் 'பார்க்'கில் இருக்கிறது. கியர் பொக்ஸ் எங்கே இருக்கிறது?

ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை செய்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அறைக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்ததும் தொலைபேசி அடித்தது. கம்பளைப் பக்கத்துத் தம்பி ஒருவர். ஒரு கம்பனியில் விற்பனைப் பிரிவில் இருந்தார். நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் பாவித்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். இரண்டு கதவு, சிவப்பு நிறம், ஓட்டோ கியர். ஊரில் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கும் காசை விடக் குறைவாக அங்கே அப்படியான கார் கிடைக்கும் என்பதால், நம் பிள்ளைகள் சிலர் அந்த ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்வதுண்டு.

“நாநா, லீவர் சும்மா ஆடுது. எதுல போட்டாலும் ஒண்டுதான். வண்டி அசையுதே இல்ல.”

“ஸ்டார்ட் ஆகுதா தம்பி?”

“ஸ்டார்ட் ஆகுது. மிதிச்சா இஞ்சின் சத்தம் மட்டும்தான் வருது. பக்கத்து கராஜ்ல இருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். கியர் பொக்ஸ் முடிஞ்சாம். ஆறாயிரம் திர்ஹம் கேட்கிறார்.”

“லீவர் இறுக்கமா இருக்கா, லேசா இருக்கா?”

“கோப்பைக்குள்ள கரண்டிய சுத்துற மாதிரி இருக்கு நாநா.”

அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கியர் பொக்ஸ் உள்ளே பழுதடைந்தால் கார் இழுக்காது, கியர் தாமதித்து விழும், எண்ணெய் கறுத்து எரிந்த வாடை வரும். ஆனால் லீவர் கையில் தளராது. ஒவ்வொரு இடத்திலும் 'டிக், டிக்' என்று நின்று நின்றுதான் போகும். லீவர் கரண்டியைப் போலச் சுற்றுகிறது என்றால், லீவருக்கும் கியர் பொக்ஸுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். சோற்றை மூடி வைத்துவிட்டு ஒரு டோர்ச்சும் இரண்டு மரக்கட்டைகளும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஓட்டோ கியர் எப்படி நம் கைக்குக் கீழ்ப்படிகிறது என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பிடிக்கும் லீவருக்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. அதன் அடியில் ஒரு கேபிள் தொடங்குகிறது. சைக்கிள் பிரேக் கம்பி போன்றதுதான். வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு கம்பி. காரின் அடித்தட்டைக் கடந்து போய், கியர் பொக்ஸின் பக்கவாட்டில் உள்ள விரல் நீளமான ஓர் இரும்புக் கையில் அது முடிகிறது. அந்தக் கையின் நுனியில் உருண்டைத் தலையுள்ள ஓர் ஆணி இருக்கும். கேபிளின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். வளையம் ஆணியில் நேரடியாக உட்காருவதில்லை. நடுவே ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு புஷ் இருக்கிறது. ஒரு சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் தடிப்பானது. அதிர்வைத் தாங்கவும், உலோகத்தோடு உலோகம் உரசாமல் இருக்கவும், வளையம் ஆணியை விட்டுக் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளவும் அது வேண்டும்.

கியர் பொக்ஸ் பக்கத்து இரும்புக் கை திரும்பும்போது உள்ளே பல விடயங்கள் நடக்கின்றன. எண்ணெய் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வால்வு நகர்கிறது. அதனால் முன்னால் போகும் கியரோ ரிவர்ஸோ விழுகிறது. 'பீ' என்ற பார்க் நிலைக்கு வந்தால், சில்லுகளுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டிலுள்ள பல்வளையத்தில் ஓர் இரும்புக் கொக்கி விழுந்து பூட்டுகிறது. காரை நிறுத்தி வைப்பது அந்த ஒற்றைக் கொக்கிதான். அதே கையோடு ஒரு சுவிட்சும் திரும்பி, கியர் பொக்ஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது. 'பீ' யிலும் 'என்' என்ற நியூட்ரலிலும் மட்டும் இஞ்சின் ஸ்டார்ட் ஆவது அந்தச் சுவிட்சினால்தான்.

நான் போய்ப் பார்த்தபோது கார் ஒரு சின்னச் சரிவில், பள்ளிவாசலின் பக்கச் சுவரை ஒட்டி நின்றது. முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை வைத்தேன். இஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கீழே குனிந்து டோர்ச் அடித்தேன். கேபிள் நுனி ஆணியை விட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வளையத்துக்குள் புஷ் இல்லை. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சில கறுப்புத் துண்டுகள் மட்டும் இருந்தன. விரலால் தொட்டதும் அவை பொடிப்பொடியாக உதிர்ந்தன.

இன்னொன்றும் இருந்தது. ஆணியைச் சுற்றி அறுந்து கிடந்த ஒரு கறுப்பு நைலோன் டை.

அதாவது இந்தப் புஷ் இன்று உடையவில்லை. தம்பி வாங்குவதற்கு முன்னரே உடைந்திருக்கிறது. யாரோ ஒருவர் கேபிள் நுனியை ஆணியோடு சேர்த்து டையால் கட்டி, லீவர் ஓரளவு வேலை செய்யும்படி ஆக்கி, காரை விற்றிருக்கிறார். வெயிலிலும், பக்கத்தில் போகும் புகைக் குழாயின் சூட்டிலும் நான்கு மாதம் தாங்கிய டை அன்று அறுந்துவிட்டது.

தம்பியிடம் கேட்டேன், எப்போது கடைசியாக லீவர் சரியாக வேலை செய்தது என்று. தொழுகைக்கு வந்து காரை நிறுத்தியபோது சரியாகத்தான் இருந்தது என்றார். கார் 'பீ' யில் பூட்டியிருக்கிறது. தொழுதுவிட்டு வந்து 'பீ' யிலிருந்து லீவரை இழுத்த நேரத்தில்தான் டை அறுந்திருக்கிறது. அதனால் கியர் பொக்ஸ் 'பீ' யிலேயே நின்றுவிட்டது, கார் அசையவில்லை, ஆறாயிரம் திர்ஹம் கேட்ட கராஜ்காரர் வந்தார்.

அதே டை அரை மணி நேரம் முந்தி, காரை நிறுத்தும்போது அறுந்திருந்தால்? கார் 'டீ' யில் வந்து நிற்கிறது. தம்பி பிரேக்கை மிதித்தபடி லீவரை 'பீ' க்குத் தள்ளுகிறார். லீவர் போகிறது. கேபிள் நுனி வெறுமனே நகர்கிறது. கியர் பொக்ஸ் 'டீ' யிலேயே இருக்கிறது. பல கார்களில் திறப்பைக் கழற்ற அனுமதிக்கும் பூட்டு லீவர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இஞ்சினை நிறுத்தியதும் திறப்பும் கழன்று வரும். எந்தச் சத்தமும் இல்லை, எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லை. அவர் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வுழூ செய்யப் போவார். பூட்டும் கொக்கி விழாத, ஹேண்ட் பிரேக் போடாத கார் சரிவில் நிற்கிறது. கீழே செருப்புக் கழற்றும் இடத்தில் பிள்ளைகள். அது எப்போது உருளத் தொடங்கும் என்பதைச் சொல்ல முடியாது.

நான் கற்பனைக் கதை சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்தச் சிறிய புஷ்ஷுக்காகவே கார்களைத் திருப்பி அழைத்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் ஃபோர்ட் நிறுவனம், 2013 முதல் 2016 வரையான ஃபியூஷன் கார்களையும் 2013, 2014 ஆம் ஆண்டுகளின் எஸ்கேப் வாகனங்களையும் சேர்த்து, வட அமெரிக்காவில் சுமார் 5 இலட்சத்து 50 ஆயிரம் வாகனங்களை இதற்காகத் திருப்பி அழைத்தது. பிரச்சினை அத்தோடு முடியவில்லை. 2022 ஜூனில் அதே புஷ்ஷுக்காக, வேறு மாதிரிகளையும் சேர்த்து, சுமார் 29 இலட்சம் வாகனங்கள் அழைக்கப்பட்டன. அறிவிப்பில் சொல்லப்பட்ட அபாயமும் மேலே நான் சொன்னதுதான்: லீவர் 'பீ' யைக் காட்டும், திறப்பும் கழன்று வரும், கியர் பொக்ஸ் 'பீ' யில் இல்லாமலிருக்கலாம். செய்த பரிகாரம் புஷ்ஷை மாற்றி, அதன் மேல் ஒரு பாதுகாப்பு மூடி போடுவது. அவ்வளவுதான்.

அதே நாட்டில் 2016 ஜூனில் அன்டன் யெல்ச்சின் என்ற இளம் நடிகர், லொஸ் ஏஞ்சல்ஸில் தனது வீட்டுச் சரிவுப் பாதையில், தானாகப் பின்னால் உருண்டு வந்த தனது காருக்கும் மதில் தூணுக்கும் இடையே நசுங்கி இறந்தார். அந்தக் காரில் புஷ் காரணமல்ல. லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஓட்டுநர் இலகுவில் உணர முடியாத வடிவமைப்பு பற்றித்தான் அப்போது கேள்வி எழுந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனாலும் நிற்கிறது என்று நம்பிய கார் உருண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மரணம் போதுமான உதாரணம்.

சரி, அந்தச் சிவப்புக் காருக்கு வருவோம். கழன்ற கேபிளை விட்டுவிட்டு, இரும்புக் கையை மட்டும் கையால் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, ரிகவரி லொறியில் ஏற்றி, எங்கள் கராஜுக்குக் கொண்டு போனோம். ஓட்டோ காரை, ஓடும் சில்லுகள் தரையில் படக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகக் கூடாது. இஞ்சின் ஓடாதபோது கியர் பொக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது; இல்லாத பழுது அப்போதுதான் உண்மையிலேயே வரும்.

கம்பனியில் விசாரித்தால் புஷ் தனியாக இல்லை, முழுக் கேபிளாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பல கார்களுக்கு இதுதான் நிலை. ஆனால் புஷ்ஷை மட்டும் தனியாகத் தயாரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நூறு திர்ஹத்துக்குச் சற்றுக் குறைவாக ஒன்று கிடைத்தது. வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு அளவுகள்: வளையத்தின் உள் விட்டம், ஆணித் தலையின் பருமன். கொஞ்சம் தளர்வான புஷ் போட்டால் மாட்டும்போது இலகுவாக இருக்கும், கழலும்போதும் அப்படித்தான்.

காரை லிஃப்டில் ஏற்றி, புகைக் குழாய் ஆறும் வரை காத்திருந்தோம். முதல் வேலை, வளையத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரை ஒரு துண்டு கூட மிச்சமில்லாமல் பிளேடால் சுரண்டி எடுப்பது. அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தவறு விடுகிறார்கள். ஒரு பக்கம் பழைய துண்டு இருந்தால் புதிய புஷ் கோணலாக உட்காரும். பிறகு ஆணித் தலையைத் துணியால் துடைத்து, துருவோ தேய்மானமோ உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான ஆணி புதிய புஷ்ஷை அரைத்துத் தின்றுவிடும். எங்கள் அதிர்ஷ்டத்துக்கு ஆணி வழுவழுப்பாகவே இருந்தது.

புதிய புஷ்ஷைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டு மென்மையாக்கினேன். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் பூசக் கூடாது. அது ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவி, பெரிய குறட்டின் வாயில் துணி சுற்றி, வளையத்துக்குள் அழுத்தி ஏற்றினேன். புஷ்ஷின் விளிம்பு சுற்றிலும் வெளியே வந்து, காலரைப் போல வளையத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். பின்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பொருத்துவது. கியர் பொக்ஸ் பக்கத்து இரும்புக் கையை ஒரு கோடி வரை தள்ளி 'பீ' யில் வைத்தேன். உள்ளே தம்பி லீவரை 'பீ' யில் வைத்தார். இரண்டும் ஒரே நிலையில் இருக்கும்போதுதான் கேபிளை ஆணியில் அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கையிலும் அது தெரியும். பிறகு நன்றாக இழுத்துப் பார்த்தேன். கழலவில்லை. ஜும்ஆவுக்குப் பிந்திய அந்தச் சோற்றை அஸருக்கு முன்னர் சாப்பிட முடிந்தது என்றால் வேலை எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. பரிசோதனைதான் முக்கியம். காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு லீவரை 'பீ', 'ஆர்', 'என்', 'டீ' என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் மீற்றர் பலகையில் எரியும் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு எழுத்துக்களின் வித்தியாசத்தைப் பலர் அறிவதில்லை. லீவருக்குப் பக்கத்தில் இருப்பது லீவர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். மீற்றர் பலகையில் எரிவது பெரும்பாலான கார்களில் கியர் பொக்ஸிலுள்ள அந்தச் சுவிட்சிலிருந்து வருவது; கியர் பொக்ஸ் எங்கே இருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. இரண்டும் வேறுபட்டால் மீற்றர் பலகையை நம்புங்கள். அதோடு 'ஆர்' இல் பின் விளக்கு எரிய வேண்டும். 'பீ' யிலும் 'என்' இலும் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும். கடைசியாக, ஆட்கள் இல்லாத ஒரு சின்னச் சரிவில் 'பீ' யில் போட்டு, ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தபடியே பிரேக்கை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். கார் ஒரு அங்குலம் அசைந்து 'டொக்' என்று நின்றால் கொக்கி விழுந்திருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் கதை நமக்கெதற்கு என்று நினைக்கலாம். நம் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரிலும் இதே கேபிள்தான், இதே மாதிரிப் புஷ்தான். பிரியஸ் போன்ற சில வாகனங்களில் கேபிளுக்குப் பதில் மின்சாரக் கட்டளை போகிறது. அவை வேறு வகை. மற்றபடி ஓட்டோ கார்களில் பெரும்பாலானவை கேபிளில்தான் ஓடுகின்றன. முன்சில்லு இழுவைக் கார்களில் கியர் பொக்ஸ் பக்கத்து நுனி பொனெற்றுக்குள், பெரும்பாலும் பெற்றரிக்கோ எயார் ஃபில்டர் பெட்டிக்கோ கீழே இருக்கும். அடியில் படுக்கத் தேவையில்லை, மேலிருந்தே பார்க்கலாம். சில கார்களில் புஷ் தேய்வது லீவர் பக்கத்து நுனியில். அதற்கு நடுப் பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாம் இருந்ததை வைத்தே ஓட்டினோம். திறந்த பிறகும் வரியைப் பார்த்துவிட்டுப் பழையதையே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். இஞ்சின் எண்ணெய் மாற்றுகிறோம், டயர் மாற்றுகிறோம். பத்து, பதினைந்து வருடப் புஷ்ஷை யாரும் நினைப்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இற்றுப்போகும். வளைகுடாவில் வெப்பம், நம் நாட்டில் இரண்டுமே இருக்கின்றன. அதோடு மாவனல்லை, அக்குறணை, கம்பளை, ஹெம்மாத்தகமப் பக்கம் சமதரையில் கார் நிறுத்தும் பாக்கியம் எத்தனை வீடுகளுக்கு இருக்கிறது?

புஷ் ஒரே நாளில் உடைவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லும். லீவரில் ஒரு தளர்வு வரும். 'டீ' யில் போட்டால் விழாமல், கொஞ்சம் தாண்டித் தள்ளித் திரும்பி வந்தால்தான் விழும். ரிவர்ஸ் போட்டும் பின் விளக்கு எரியாமல் இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாது; லீவரை ஒருமுறை ஆட்டிவிட்டால் ஆகும். இந்தக் கடைசி அறிகுறியைப் பெற்றரி என்றும் ஸ்டார்ட்டர் மோட்டர் என்றும் நினைத்துக் காசு செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில், லீவர் 'பீ' யில் இருந்தாலும் கியர் பொக்ஸ் முழுமையாக 'பீ' க்கு வரவில்லை. அதனால்தான் சுவிட்ச் ஸ்டார்ட் பண்ண விடவில்லை. அது உங்கள் கார் உங்களுக்குச் செய்யும் நஸீஹத்.

ஹேண்ட் பிரேக் விடயத்தையும் சொல்லியாக வேண்டும். ஓட்டோ காருக்கு ஹேண்ட் பிரேக் தேவையில்லை, 'பீ' போதும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். “போட்டா இறுகிப் போயிடும்” என்றும் சொல்வார்கள். பாவிக்காமல் விட்டதால்தான் அது இறுகுகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழி நாம் எல்லோரும் மிம்பரில் கேட்டதுதான். ஓட்டோ காரில் கயிறு என்பது ஹேண்ட் பிரேக். நிறுத்தும்போது காலைப் பிரேக்கில் வைத்தபடியே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைக் கொஞ்சம் தளர்த்திக் காரின் பாரத்தை ஹேண்ட் பிரேக்கில் ஏற்றிவிட்டு, பிறகு 'பீ' யில் போடுங்கள். அப்போது கொக்கியிலும் பாரம் விழாது. புறப்படும்போது லீவரைப் பலமாக இழுக்கவும் தேவையில்லை. புஷ் உடைந்தே போயிருந்தாலும் கார் நின்ற இடத்தில் நிற்கும்.

டை கட்டுவது பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. நடுவழியில் நின்றுவிட்டால், கராஜ் வரை போவதற்கு ஒரு கம்பியோ டையோ கட்டுவது தப்பில்லை. நானும் கட்டியிருக்கிறேன். அப்படிக் கட்டியதை உரிமையாளரிடம் சொல்லாமல் “சரியாக்கிட்டேன்” என்று காசு வாங்குவது வேறு. கட்டியபடியே விற்பது அதை விட வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த சம்பவம் நமக்குத் தெரியும். நம் சமூகத்தில் வாகன வியாபாரிகளும் கராஜ்காரர்களும் நிறைய. நனைந்த தானியம் வாங்கியவருக்குக் காசு மட்டும்தான் நட்டம். சரிவில் நிற்கும் காரில் ஈரத்தை ஒளித்தால்?

இதை உபதேசமாக எழுத எனக்குத் தகுதி குறைவு. வளைகுடாவுக்குப் போன முதல் வருடம், வேறொரு கராஜில் இருந்தபோது, இதே அறிகுறியோடு ஒரு கார் வந்தது. பெரிய மெக்கானிக் கியர் பொக்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பாதி வழியில், கேபிள் நுனி ஏற்கெனவே ஆணியை விட்டுக் கழன்று கிடப்பதைக் கண்டேன். போய்ச் சொன்னேன். “வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்” என்றார். கியர் பொக்ஸ் கழுவப்பட்டு, எண்ணெய் மாற்றப்பட்டு, கேபிள் மாட்டப்பட்டது. பில்லில் கியர் பொக்ஸ் திருத்தம் என்று எழுதப்பட்டது. கார்க்காரர் ஒரு வயதான பாகிஸ்தானியர், டாக்சி ஓட்டுபவர். எனக்கு ஐம்பது திர்ஹம் தந்துவிட்டுப் போனார். நான் வாய் திறக்கவில்லை. விசா அவர்கள் கையில் இருந்தது என்பது காரணம்தான், நியாயமல்ல. அவரைத் தேட எனக்கு இன்று வழியில்லை.

அதனால்தான் இப்போது என்னிடம் வரும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். கியர் பொக்ஸ் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், காசைப் பற்றிக் கதைக்க முன்னர், “கேபிள் நுனியை எனக்குக் காட்டுங்கள் பாஸ்” என்று கேளுங்கள். ஒருவர் உள்ளே லீவரை ஆட்ட, இஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில், கியர் பொக்ஸ் பக்கத்து இரும்புக் கை சேர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் கியர் பொக்ஸைக் கழற்ற இன்னும் நேரம் வரவில்லை. நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாவித்த ஓட்டோ கார் வாங்கும்போது பொனெற்றைத் திறந்து இஞ்சினைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கேபிள் நுனியில் டையோ கம்பியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கம்பளைத் தம்பியிடம் அன்று நான் புஷ்ஷின் விலையையும் கூலியாக ஐம்பது திர்ஹத்தையும் வாங்கினேன். உதிர்ந்த ரப்பர் துண்டுகளையும் அறுந்த டையையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, திகதி எழுதி, அவருடைய காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றரை வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது அவர் காரை ஒரு மலையாளிக்கு விற்றார். விலை பேசும்போது அந்தப் பையையும் எடுத்துக் காட்டியதாகவும், அதற்காக ஐந்நூறு திர்ஹம் குறைத்துக் கேட்டதாகவும், கொடுத்துவிட்டதாகவும் தொலைபேசியில் சொன்னார்.